சுட்டவன் எங்கோ, கணக்குக் கேட்பது பக்கத்து வீட்டில்

வாசகர் கேள்வி: பெரம்பூரில் 64 வீடுகள் உள்ள அடுக்ககத்தின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவின் அட்மினும் நான்தான். பஹல்காம் தாக்குதல் நடந்த நாளிலிருந்து குழுவில் நிம்மதி இல்லை. ஒருவர், "நம்ம பிளாக்ல இருக்கறவங்க எல்லாரும் வெளிப்படையா கண்டிக்கணும், இல்லேன்னா ஆதரவுன்னு தான் அர்த்தம்" என்று எழுதினார். இன்னொருவர் எங்கோ எடுத்த ஊர்வல வீடியோவைப் போட்டு, பேப்பர் மில்ஸ் ரோடு கறிக்கடையில் யாரும் வாங்கக் கூடாது என்றார். முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் கோபத்தில், "நீங்க குஜராத்துல பண்ணதுக்கு யார் கண்டிச்சீங்க" என்று திருப்பினார். இரண்டு குடும்பங்கள் குழுவை விட்டுப் போய்விட்டன. "தீவிரவாதத்துக்கு மதமே கிடையாது அங்கிள்" என்று எழுதிய கல்லூரி மாணவனை எல்லோரும் கேலி செய்தார்கள். அடுத்த பொதுக்குழுவில், 'குறிப்பிட்ட சமூகத்தினருக்கு' வாடகைக்கு விடும் முன் சங்க அனுமதி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம். தீவிரவாதத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. பேசினால் இப்படி ஆகிறது. நான் என்ன செய்வது? அட்மின் என்பதால் என் மேல் வழக்கு வருமா?

வழக்கறிஞர் பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அந்தப் பயம் இருக்கும்வரை மற்றதில் மனம் போகாது. அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, இன்னொருவர் எழுதியதற்கு உங்கள் மேல் குற்ற வழக்கு நிற்காது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. அந்தச் செய்தியை நீங்களே வேறு குழுவுக்கு அனுப்பினாலோ, ஆமாம் போட்டாலோ, அவரோடு சேர்ந்து திட்டமிட்டாலோ நிலைமை வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு தைரியமாகத் தலையிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் எழுதிய மூன்று பேரையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள். கறிக்கடையைப் புறக்கணிக்கச் சொன்னவர் சட்டத்தின் எல்லையைத் தொட்டுவிட்டார். கண்டிக்கச் சொன்னவர் தொடவில்லை, ஆனால் தவறான இடத்தில் கணக்குக் கேட்கிறார். குஜராத்தை இழுத்தவர் காயப்பட்டு அதே தவறைத் திருப்பிச் செய்கிறார். அங்கே நடந்ததில் கண்டிக்கச் சொன்னவருக்கு என்ன பங்கு உண்டோ, பஹல்காமில் இந்த முஸ்லிம் உறுப்பினருக்கும் அதே பங்குதான்: ஒன்றுமில்லை.

பஹல்காமில் 2025 ஏப்ரல் 22 அன்று 26 பேர் கொல்லப்பட்டார்கள். மதத்தைக் கேட்டுச் சுட்டதாகத் தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். எதிரில் நிற்கும் மனிதன் என்ன செய்தான் என்பது அந்தக் கொலைகாரர்களுக்குத் தேவைப்படவில்லை, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பது மட்டும் போதுமாக இருந்தது. கூட்டத்தை வைத்துக் குற்றம் சுமத்தும் வேலையை எல்லை வரை கொண்டுபோனவன்தான் தீவிரவாதி. அதே கணக்கை அவனை எதிர்ப்பவர்களும் போட ஆரம்பித்தால், அவன் கேட்டது கிடைத்துவிட்டது. அன்று சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட குதிரைக்காரர் ஒரு காஷ்மீரி முஸ்லிம். கணவரைப் பறிகொடுத்த ஒரு இளம்பெண், முஸ்லிம்கள் மேலும் காஷ்மீரிகள் மேலும் பாயாதீர்கள் என்று ஊடகங்களின் முன் கேட்டுக்கொண்டார். குழுவில் யாராவது "பாதிக்கப்பட்டவங்க வலி உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

தமிழ் பேசுகிற நமக்கு இது வெளியூர்ப் பாடமும் இல்லை. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் 13 இராணுவத்தினரைக் கொன்றார்கள். மறுநாளிலிருந்து கொழும்பில், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடித்தேடிக் கொளுத்தினார்கள். வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தவருக்கும் அந்தத் தாக்குதலுக்கும் என்ன சம்பந்தம்? 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற குண்டை வைத்தது தமிழ் ஆயுதக் குழு. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகளைக் காவல் நிலையத்தில் பதியச் சொன்னார்கள், வீடு கொடுக்கத் தயங்கினார்கள். கும்மிடிப்பூண்டி, புழல் முகாம்களில் இருந்த வயதானவர்களும் குழந்தைகளும் அந்தச் சந்தேகத்தைச் சுமந்தார்கள். இந்திரா காந்தியைச் சுட்டது இரண்டு சீக்கிய மெய்க்காவலர்கள். அதற்கு டெல்லியில் மட்டும் அரசுக் கணக்கிலேயே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். காந்தியைக் கொன்றது ஒரு சித்பாவன் பிராமணர் என்பதற்காக 1948-ல் புனே, சதாரா, கோலாப்பூர் பக்கம் பிராமணர் வீடுகள் எரிந்தன. உங்கள் குழுவில் உரக்கப் பேசுகிறவர் எந்த மதமாக, எந்தச் சாதியாக இருந்தாலும், அவருடைய ஆட்களும் இந்தப் பட்டியலில் ஏதோ ஒரு வருடத்தில் இருக்கிறார்கள்.

அப்படியானால் மதத் தீவிரவாதத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? தாராளமாகப் பேசலாம், பேசவும் வேண்டும். அந்த மாணவன் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது, ஆனால் "தீவிரவாதத்துக்கு மதமே கிடையாது" என்ற வாதம் விவாதத்தில் நிற்காது. கொலைகாரன் தன் வாயாலேயே மதத்தைச் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் "கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறாயா" என்றுதான் கேட்பார். மாணவனுக்கு வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக் கொடுங்கள்: அல் கொய்தா, ஐ.எஸ். போன்ற இயக்கங்களின் கொள்கை, தங்களோடு ஒத்துப்போகாத முஸ்லிமையே மதத்தை விட்டு வெளியேறியவன் என்று தீர்ப்பெழுதுவது. நாகூர் தர்காவுக்குப் போய் வருகிறவரும் அவர்கள் கணக்கில் குற்றவாளிதான். 2014 டிசம்பர் 16 பெஷாவர் பள்ளியில் 130-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பாகிஸ்தான் தாலிபான் கொன்றது. 2017 பிப்ரவரியில் சிந்து மாகாணத்தின் சேவான் தர்காவில் 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் எகிப்தின் சினாய்ப் பகுதியில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது 300-க்கும் மேற்பட்டோர். இறந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். அந்தக் கொள்கையை, அதற்குப் பணம் கொடுப்பவர்களை, ஆள் சேர்ப்பவர்களை, அடைக்கலம் தரும் அரசை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசட்டும். உங்கள் அடுக்ககத்தின் முஸ்லிம் உறுப்பினரும் சேர்ந்து பேசுவார்.

எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை போதும். எழுதும் வாக்கியத்தில் யார், எப்போது, எதைச் செய்தார் என்ற மூன்றும் இருக்கிறதா? "லஷ்கர் இ தொய்பாவின் நிழல் அமைப்புதான் இதைச் செய்தது என்று அரசு சொல்கிறது, பாகிஸ்தானை விடக் கூடாது" என்பதில் இருக்கிறது. "இவங்களே இப்படித்தான்" என்பதில் இல்லை. இல்லாத வாக்கியத்தை எழுதினவரிடமே திருப்பிக் கொடுத்து, "யாரைச் சொல்றீங்க சார், பேர் போட்டு எழுதுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும்.

"எல்லா முஸ்லிமும் தீவிரவாதி இல்ல, ஆனா எல்லா தீவிரவாதியும் முஸ்லிம்தான்" என்ற வசனம் கட்டாயம் வரும். கனிஷ்கா விமானம், 1985, 329 பேர், வைத்தது காலிஸ்தானிகள். ஓக்லஹோமா, 1995, 168 பேர். நார்வே, 2011, 77 பேர். கிரைஸ்ட்சர்ச் மசூதிகள், 2019, 51 பேர். இவற்றைச் செய்த யாரும் முஸ்லிம் இல்லை, வசனம் பொய் என்பதற்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தப் பட்டியலை நீட்டாதீர்கள். நீங்கள் நான்கு போட்டால் அவர் நாற்பது போடுவார், ராத்திரி ஒரு மணி வரை பிணங்களை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அவர் சொல்வது பாதி உண்மை என்றே வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம்கள் 17 கோடிக்கு மேல். அதில் ஆயிரம் பேர் ஆயுதம் தூக்கியவர்கள் என்று பேச்சுக்கு வைத்தால்கூட, 1.7 லட்சத்தில் ஒருவர். உங்கள் அடுக்ககத்தின் முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி அந்த எண்ணால் எதுவும் சொல்ல முடியாது. அதன்பின் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "சரி சார், அதனால நம்ம பி பிளாக் ரெண்டாம் மாடிக்காரர் இப்ப என்ன பண்ணணும்னு சொல்றீங்க?" உலக அரசியலை மாடிப்படிக்கு இறக்கிவிடும் கேள்வி இது. நேராகப் பதில் சொல்ல வரும்போது தன் கோரிக்கையின் அநியாயம் அவருக்கே தட்டுப்படும்.

"வெளிப்படையா கண்டிக்கணும்" என்பதற்கும் இதே வழி. கண்டனம் வராமலும் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலில் கொல்லப்பட்ட ஒன்பது தீவிரவாதிகளைத் தங்கள் கபரஸ்தானில் புதைக்க விடமாட்டோம் என்று மும்பை முஸ்லிம் அமைப்புகள் மறுத்துவிட்டன. உடல்கள் ஓராண்டுக்கும் மேல் மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தன. 2022 அக்டோபரில் கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்த பிறகு, அந்தப் பகுதி ஜமாஅத்தினர் கோயிலுக்கே போய் அர்ச்சகர்களைச் சந்தித்தார்கள். இவை அவர்களாகச் செய்தவை, அதனால்தான் மதிப்பு. குழுவில் நிற்கவைத்துக் கேட்டு வாங்கும் கண்டனம் விசாரணைதான். இன்றைக்குக் கொடுத்தால் அடுத்த தாக்குதலுக்கும் கொடுக்க வேண்டும், குரல் போதவில்லை என்பார்கள். முஸ்லிம் உறுப்பினர் சார்பில் நீங்கள் பதில் எழுதுங்கள்: "இந்தக் குழுவில் யாரும் யாருக்கும் நற்சான்று தர வேண்டியதில்லை."

குழுவைச் சரிசெய்யும் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள், வரிசை மாறினால்தான் சிக்கல் வருகிறது. முதலில் சான்று, பிறகு நீக்கம். அந்தப் புறக்கணிப்புச் செய்தியை எண், தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குழு உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி (Export chat) செய்து, வீடியோவைத் தனியாகச் சேமியுங்கள். செய்தி வந்த அந்த போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். நாளைக்கு வழக்கானால் பாரதிய சாட்சிய சட்டம் 63(4)-ன்படி சான்றிதழ் தர வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கப்படும், நிபுணர் கையெழுத்திடும் பகுதியும் உண்டு. பலர் பதற்றத்தில் முதலில் 'எல்லோருக்கும் நீக்கு' கொடுத்துவிட்டு, பிறகு புகாரோடு போய் வெறுங்கையுடன் நிற்கிறார்கள். சேமித்த பிறகு அட்மின் உரிமையில் அதை நீக்குங்கள். வீடியோவின் மேல் இரட்டை அம்புக்குறியுடன் பலமுறை பகிரப்பட்டது என்று வந்தால் அது எங்கிருந்து கிளம்பியது என்று போட்டவருக்கே தெரியாது. அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து கூகுளில் படத்தேடல் போட்டால் பழைய வீடியோவா என்பது பல நேரம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அடுத்து, இரண்டு நாளைக்கு 'அட்மின்கள் மட்டும் எழுதலாம்' அமைப்பைப் போடுங்கள். எந்தத் தாக்குதலுக்குப் பிறகும் முதல் இரண்டு நாள் செய்தி நம்பத்தகாதது. நார்வேயில் 2011-ல் முதல் சில மணி நேரம் பல ஊடகங்கள் இஸ்லாமிய இயக்கங்களைத்தான் சந்தேகித்தன, பிடிபட்டவன் முஸ்லிம்களை வெறுத்த ஒரு நார்வேக்காரன். அமைப்பை மாற்றும்போது நீண்ட உபதேசம் வேண்டாம். இவ்வளவு போதும்:

"இந்தக் குழு மெட்ரோ வாட்டர் லாரி, லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம், அவசரத் தகவல்களுக்கானது. தாக்குதலில் இறந்தவர்களுக்கு நம் அஞ்சலி. எந்த மதத்தையும் சாதியையும் ஒட்டுமொத்தமாகக் குற்றம் சொல்லும் பதிவும், யாரையும் புறக்கணிக்கச் சொல்லும் பதிவும் நீக்கப்படும். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 30 நாள் நீக்கம். இது எல்லோருக்கும் பொருந்தும். – செயலாளர்"

எச்சரிக்கையை குஜராத் என்று எழுதியவருக்கும் அனுப்புங்கள், தனிச் செய்தியாக. அவருக்கு அனுப்பாமல் விட்டால் மறுபக்கம் நியாயமாகவே கேள்வி கேட்கும். ஆனால் புறக்கணிப்பு அழைப்பும் கோபத்தில் எழுதிய பதிலும் ஒரே எடை என்று காட்டாதீர்கள். அதை அவரிடம் நேரிலேயே சொல்லலாம்.

குழுவை விட்டுப் போன இரண்டு குடும்பங்களுக்கு போன் போடாமல் நேரில் போங்கள். "உங்களைச் சொல்லலைங்க, நீங்க நல்லவங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அதன் அடியில், மற்றவர்களைப் பற்றிச் சொன்னது சரி என்ற ஒப்புதல் இருக்கிறது. கேட்பவருக்கு அது உடனே புரியும். சொல்ல வேண்டியது: "பாய், குழுவுல வந்தது தப்பு. எடுத்துட்டேன், போட்டவருக்கு எழுத்துல எச்சரிக்கை கொடுத்துட்டேன். தண்ணி லாரி நேரம், மோட்டார் ரிப்பேர் எல்லாம் அதுல தான் வருது, திரும்பச் சேர்க்கட்டுமா?" அவர் இப்போது வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல், அறிவிப்புகள் தனியாக வந்துசேர ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், விளையாடும் இடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். பெரியவர்கள் குழுவில் எழுதுவது மறுநாளே பிள்ளைகள் வாயில் வந்துவிடுகிறது.

சட்டத்தை எப்போது தொடுவது? என் கருத்தில் கடைசியாக. ஆனால் நான்கு சூழ்நிலைகளில் தாமதிக்கக் கூடாது: குறிப்பிட்ட குடும்பத்துக்கோ கடைக்கோ மிரட்டல், யாருடைய கதவு எண்ணையோ படத்தையோ போட்டுக் காட்டிக்கொடுப்பது, தாக்கச் சொல்லும் அழைப்பு, பொய் வீடியோ என்று சொன்ன பிறகும் திரும்பத் திரும்பப் பரப்புவது. பாரதிய நியாய சம்ஹிதையின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 196-ஆம் பிரிவு, மதங்களுக்கிடையே பகை மூட்டுவதற்கு, 353(2) பகையை மூட்டும் பொய்ச் செய்திக்கு. பலருக்குத் தெரியாத பிரிவு 197: ஒரு மதத்தவர் அந்த மதத்தில் இருப்பதாலேயே அரசமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமாக இருக்க முடியாது என்று எழுதுவதே குற்றம். மூன்றிலும் தண்டனை 3 ஆண்டு வரை. 112-க்கு அழைக்கலாம், அல்லது எழுத்துப் புகாருடன் உங்கள் பகுதிக் காவல் நிலையம் போகலாம். மின்னணு வழியாக அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். இந்த அளவுத் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில், மேலதிகாரி அனுமதியுடன் 14 நாளுக்குள் முதல்நிலை விசாரணை நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர். போட காவல்துறைக்கு இடமுண்டு. அப்படிச் செய்வதே பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. அதனால் அன்றே எஃப்.ஐ.ஆர். இல்லை என்றால் மறுத்துவிட்டதாக எண்ண வேண்டாம், மனு ரசீதை வாங்கி வையுங்கள். குழுவில் "போலீஸ்ல கொடுத்துடுவேன்" என்று மிரட்ட மட்டும் வேண்டாம். கொடுப்பதானால் கொடுங்கள்.

வேறு மாதிரிச் சந்தேகமும் உண்டு: ஒருவர் உண்மையிலேயே ஆள் சேர்க்கிறார், வெடிபொருள் போல ஏதோ பார்த்தேன் என்று யாராவது வந்து சொல்லலாம். அதை அலட்சியம் செய்யக் கூடாது. பார்த்ததை, தேதி நேரத்தோடு, பார்த்தவரே காவல்துறையிடம் சொல்லட்டும். குழுவில் எழுதுவது இரண்டு வகையில் கெடுதல்: உண்மையானால் குற்றவாளி உஷாராகிவிடுவான், பொய்யானால் ஒரு குடும்பம் அழிந்துவிடும்.

1997 நவம்பரில் கோவையில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் சில பேர். அடுத்த நாட்களில் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அந்தச் சாவுகளைக் காட்டியே பழிவாங்க ஆள் திரட்டினார்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் போனார்கள். ஒவ்வொரு சுற்றிலும் செத்தது முந்தைய சுற்றில் எதுவும் செய்யாதவர்கள். உங்கள் பொதுக்குழுவில் யாராவது "இதெல்லாம் சின்ன விஷயம், ஒரு தீர்மானம் தானே" என்றால், இந்த மூன்று மாதக் கதையைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தீர்மானம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தனி வீட்டுக்காரர் மதம் பார்த்து வாடகைக்கு மறுப்பதை நேரடியாகத் தண்டிக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. மதம், சாதி பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்னும் அரசமைப்பின் 15-ஆம் பிரிவு முதன்மையாக அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சங்கத்தின் வேலை பொது இடங்களைப் பராமரிப்பது. தன் வீட்டை யாருக்கு விடுவது என்பது உரிமையாளரின் உரிமை, அதில் மதத்தை வைத்துச் சங்கம் குறுக்கே நிற்க உங்கள் துணைவிதியில் எந்த வரி இடம் தருகிறது என்று தீர்மானம் கொண்டுவருபவர் காட்ட வேண்டும். வாடகைதாரர் விவரம் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்றால் நல்லதுதான், எல்லா வாடகைதாரருக்கும் ஒரே படிவம், ஒரே ஆவணங்கள், ஒரே கெடு. அந்தத் திருத்தத்தை நீங்களே முன்மொழியுங்கள். பாதுகாப்புதான் கவலை என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பொதுக்குழுவுக்கு முன்பே தீர்மானத்தை எழுத்தில், முன்மொழிபவர் வழிமொழிபவர் கையெழுத்துடன் கேளுங்கள். 'குறிப்பிட்ட சமூகம்' என்று மறைத்து எழுதினால், எந்தச் சமூகம் என்று பெயர் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் பலர் கையெழுத்துக்கு வர மாட்டார்கள். வந்தால், துணைவிதிக்கு முரணானது என்று உங்கள் குறிப்பை எழுத்தில் இணைத்து, ஒரு வழக்கறிஞரின் கருத்தையும் வாங்கி, கூட்டத்துக்கு முன் எல்லா உரிமையாளர்களுக்கும் அனுப்புங்கள், அந்த முஸ்லிம் உரிமையாளர்களுக்கும் சேர்த்து. அதையும் மீறி வாக்கெடுப்பு நடந்தால், எதிர்த்தவர்களின் பெயர்களை நடவடிக்கைப் புத்தகத்தில் பதியச் சொல்லி, உங்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.